பால் மறந்த கண்டுக்கு அங்க ஏன் அந்த விலை, இங்க ஏன் இல்லை

கொழும்பில ஒபிஸ் வேலை பாக்கிற எங்கட ஆக்கள் கொஞ்சப் பேருக்கு இப்ப புதுசா ஒரு ஆசை வந்திருக்கு. வவுனியாப் பக்கமோ மட்டக்களப்புப் பக்கமோ அப்பா வழிக் காணி பத்துப் பதினைஞ்சு ஏக்கர் பத்தை பிடிச்சுக் கிடக்கு, யூடியூப்பைத் திறந்தா டெக்சஸில ஒருத்தர் தொப்பியும் போட்டுக்கொண்டு ஏழு மாசக் கண்டுகளைத் தாயிட்ட இருந்து பிரிச்சு ஏலத்தில விட்டு ஒரு கண்டுக்கு ரெண்டாயிரம் டொலர் கிட்ட எடுக்கிறார், அப்ப நாங்களும் கண்டு வளத்து வித்தா என்ன எண்டுதான். ஆசை பிழையெண்டு சொல்ல வரேல்ல. ஆனா அந்த ரெண்டாயிரம் டொலரை வாங்கிறவர் எதுக்குக் குடுக்கிறார் எண்டு விளங்காம இங்க காசைக் கொட்டினா கண்டும் இல்லை காசும் இல்லை எண்டு நிக்கவேண்டி வரும், அதால முதல் அங்கத்தைக் கதையைப் பாப்பம்.

அமெரிக்காவில இறைச்சி மாட்டுத் தொழில் ஒரே ஆளின்ர கையில இல்லை. தாய்ப் பசு வச்சிருக்கிறவர் ஒருத்தர், அவற்ற வேலை வருசத்துக்கு ஒரு பசுவிட்ட ஒரு கண்டு எடுக்கிறது, அவ்வளவுதான். பால் கறக்கிறேல்ல, ஒரு சொட்டும் இல்லை, முழுப்பாலும் கண்டுக்கு. கனபேர் பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில கண்டு போடுற மாதிரித்தான் பாத்துக்கொள்ளுவினம், வெயில் காலம் முழுக்கத் தாயோட புல்வெளியில மேயும், ஒக்டோபர் நவம்பரில குளிர் இறுக முதல் பால் மறக்கப்பண்ணி வித்துப்போடுவினம். அப்ப கண்டுக்கு ஆறில இருந்து எட்டு மாசம், எடை 450 இல இருந்து 600 இறாத்தல். ஒரு கண்டு முந்திப் பிறந்திருக்கும் மற்றது பிந்திப் பிறந்திருக்கும், அதால ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு 205 ஆம் நாள் எடை எண்டு ஒரு கணக்குக்குத் திருத்திப் பாக்கிறவை. இந்தக் கண்டை வாங்கிறவர் வேற ஆள், அவர் புல்லிலயோ குளிர்காலக் கோதுமை வயலிலயோ விட்டு 700, 800 இறாத்தலுக்குக் கொண்டுவருவார், பிறகு அது ஃபீட்லொட்டுக்கு, அதாவது மாட்டை அடைச்சு வச்சுத் தீவனம் போட்டுக் கொழுக்கப்பண்ணுற இடத்துக்குப் போய், சோளம் திண்டு 1,400 இறாத்தல் மட்டில வந்தாப்பிறகுதான் வெட்டுக்குப் போகும்.

பிரச்சினை முழுக்க அந்த முதல் கைமாறுற இடத்திலதான். யோசிச்சுப் பாருங்கோ, தாயை விட்டுப் பிரிச்ச அதே நாள் கண்டை லொறியில ஏத்தினா அதுக்கு என்னெல்லாம் நடக்குது எண்டு: தாய் இல்லை, பால் இல்லை, ஏலம் நடக்கிற இடத்தில பத்துப் பண்ணைக் கண்டுகள் ஒண்டோட ஒண்டு கலக்குது, ஒவ்வொண்டும் தன்ர தன்ர கிருமியோட வந்திருக்கு, பிறகு திரும்பவும் லொறி, சிலவேளை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல, இறங்கின இடத்தில தொட்டியில கொட்டியிருக்கிறதைச் சாப்பாடு எண்டே அதுக்குத் தெரியாது. மூண்டு நாலு நாள் கத்திக்கத்தி வேலி வழிய நடக்கும், தின்னாது. அந்த நேரத்திலதான் நுரையீரலில நோய் பிடிக்கும், ஷிப்பிங் ஃபீவர் எண்டு சொல்லுறது இதைத்தான், வந்திறங்கின முதல் சில கிழமைக்குள்ளதான் கூட. அங்கத்தை ஃபீட்லொட்டுகளில நோய்க்கும் சாவுக்கும் முதல் காரணம் இதுதான், தப்பின கண்டும் மற்றதுகள் மாதிரி எடை போடாது.

வாங்கிறவருக்கு இது நல்லாத் தெரியும். அதால தாயிட்ட இருந்து நேர வந்த கண்டுக்கு அவர் விலையைக் குறைச்சுத்தான் கேப்பார், சாகப்போற கண்டுகளின்ர காசையும் மருந்துச் செலவையும் முன்கூட்டியே கழிச்சுப்போட்டுத்தான் கை தூக்குவார். இந்த ரிஸ்க்கை விக்கிறவர் தன்ர தலையில எடுத்தா என்ன எண்டு வந்ததுதான் 45 நாள் முறை: பால் மறக்கப்பண்ணி குறைஞ்சது 45 நாள் தன்ர பண்ணையிலயே வச்சிருக்கிறது, சுவாச நோய்த் தடுப்பூசி, சப்பை நோய் மாதிரியானதுகளுக்கு ஊசி, ரெண்டாம் தரமும் போடுறது, பூச்சி மருந்து குடுக்கிறது, நாம்பன்களை நலமடிக்கிறது, கொம்பு எடுக்கிறது, தொட்டியில தின்னவும் தண்ணித் தொட்டியில குடிக்கவும் பழக்கிறது. ஏன் 45 எண்டா, அழுது முடிஞ்சு, இழந்த எடை திரும்பி, ரெண்டாவது ஊசியும் வேலை செய்யத் துவங்கிறதுக்கு அவ்வளவு காலம் எடுக்கும்.

பிரிக்கிற விதத்திலயும் நிறைய இருக்கு. பழைய முறை எண்டா தாயை ஒரு பக்கமும் கண்டை ஒரு பக்கமும் சத்தம் கேக்காத தூரத்துக்குக் கொண்டுபோறது. இப்ப கனபேர் நடுவில நல்ல வேலி ஒண்டைப் போட்டு இந்தப் பக்கம் தாய் அந்தப் பக்கம் கண்டு எண்டு விடுகினம், முகத்தைப் பாக்கலாம் மணக்கலாம் பால் குடிக்கேலாது, கண்டு கத்திறதும் நடக்கிறதும் நல்லாக் குறையுது. கனடாவில சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆக்கள் ஆராய்ஞ்சு பாத்த இன்னொரு முறை இருக்கு, கண்டின்ர மூக்கில சின்னப் பிளாஸ்டிக் தட்டு ஒண்டைக் கொழுவி விடுறது, தாயோடயே நிக்கும், புல்லுத் தின்னும், முலையில வாய் வைக்கேலாது, அப்பிடி ஒரு கிழமை மட்டில விட்டிட்டுப் பிறகு பிரிச்சா பெருசா ஒரு சத்தமும் இல்லை. பாலை இழக்கிறதையும் தாயை இழக்கிறதையும் ஒரே நாளில செய்யாம ரெண்டாப் பிரிக்கிறதுதான் இதின்ர சூட்சுமம். அவுஸ்திரேலியாக்காரர் வேற மாதிரி, பிரிச்ச உடன புல்வெளியில விடாம ஒரு கிழமை பத்து நாள் அடைப்புக்குள்ள நெருக்கமா வச்சு காய்ஞ்ச புல்லுக் குடுத்து ஒவ்வொரு நாளும் மனுசர் அதுகளுக்கு நடுவில நடந்து பழக்குவினம். அப்பிடிப் பழகின கண்டுகள் பிறகு ஃபீட்லொட்டில நோய் குறைவா, எடை கூடவா போட்டது எண்டு அங்க ஆய்விலயே காட்டியிருக்கினம். எனக்கு இதில பிடிச்சதே அதுதான், மருந்து இல்லை மாத்திரை இல்லை, மனுசரைப் பாத்துப் பயப்பிடாத கண்டு நல்லாத் தின்னுது.

சரி, 45 நாள் வச்சிருந்தா லாபமா? இங்கதான் யூடியூப் பாத்திட்டு வாறவை வழுக்கி விழுறது. கண்டு பாரம் கூடக்கூட இறாத்தலுக்கு விலை குறையும், இது அங்கத்தைச் சந்தையின்ர வழமை. சும்மா ஒரு கணக்குக்கு 500 இறாத்தல் கண்டு இறாத்தல் 3 டொலர் எண்டு வைப்பம், 1,500 டொலர். அதே கண்டை வச்சிருந்து 600 ஆக்கினா விலை 2.75 எண்டு இறங்கும், 1,650. அப்ப நீங்கள் சேத்த 100 இறாத்தலுக்குக் கிடைச்சது 150 டொலர், இறாத்தலுக்கு ஒண்டரை டொலர்தான், மூண்டும் இல்லை ரெண்டே முக்காலும் இல்லை. தீவனம், ஊசி, கூலி, செத்துப்போன ஒண்டு ரெண்டு, வங்கி வட்டி எல்லாம் அந்த ஒண்டரை டொலருக்குள்ள அடங்கவேணும். சோளம் மலிஞ்ச வருசம் அடங்கும், சோளம் ஏறின வருசம் அடங்காது. ஒக்டோபர் நவம்பரில எல்லாரும் ஒரே நேரம் விக்கிறதால விலை இறங்கி நிக்கும், 45 நாள் தள்ளினா அந்த நெரிசலில இருந்து தப்பலாம் எண்டதும் ஒரு ஆதாயம்.

தராசு வேற இருக்கு. வயிறு முட்டத் திண்ட கண்டை நிறுத்தா யாருக்கு லாபம், அதால நிறுத்த எடையில நாலு வீதம் மட்டில கழிக்கிறது அங்க சாதாரணம், 500 இறாத்தலில 20 இறாத்தல் பேனையாலயே போயிடும். கொம்போட வந்தா குறைவு, நலமடிக்காட்டிக் குறைவு, நாகுக்கு நாம்பனை விடக் குறைவு. ஒண்டு ரெண்டாக் கொண்டுவந்தாலும் குறைவு, ஏனெண்டா பெரிய லொறி ஒண்டில 50,000 இறாத்தல் மட்டில ஏறும், ஒரே அளவு ஒரே நிறத்தில நூறு கண்டை ஒரே பண்ணையில இருந்து ஏத்தினா கலப்பும் இல்லை நோயும் குறைவு எண்டு கூடக் குடுப்பினம்.  தோல் கறுப்பா இருந்தா விலை கூட எண்டது இன்னொரு கூத்து, அங்கஸ் எண்ட மாட்டினத்தின்ர பேரில 1978 இல துவங்கின இறைச்சி பிராண்ட் ஒண்டுக்குக் கறுப்புத்தோல் மாடுதான் வேணும், அதால கண்டுச் சந்தை முழுக்கக் கறுப்பா மாறிப்போச்சு.

இவ்வளவு செய்தாலும் அந்த 45 நாளை நிரூபிக்கேலாட்டி ஒரு சதமும் கூட வராது. கண்டு வாயைத் திறந்து எனக்கு ஊசி போட்டாச்சு எண்டு சொல்லாதே. அதால காதில இலக்கம், மிருக வைத்தியரின்ர கையெழுத்து, என்ன ஊசி என்ன திகதி எண்ட பதிவு, ஏலக்காரன் அதை மேடையில வாசிக்கிறது. அவுஸ்திரேலியாவில மாடு வளவை விட்டு வெளிய போறதெண்டா காதில மின்னணுப் பட்டி கட்டாயம், விக்கிறவரின்ர கையொப்பத்தோட ஒரு வாக்குமூலமும் கூடப் போகும். தாய்ப் பசுக்காரன் வாங்கிற காசில ஒரு பங்கு இறைச்சிக்கு, ஒரு பங்கு அந்தக் கடுதாசிக்கு எண்டு சொன்னாப் பிழையில்லை.

அந்த ரெண்டாயிரம் டொலரில இன்னொரு பங்கு வெறும் தட்டுப்பாடு. வருசக்கணக்கா வறட்சி, புல்லு இல்லாம தாய்ப் பசுக்களையே வெட்டுக்கு வித்து, 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில அமெரிக்காவின்ர மொத்த மாடு 86.7 மில்லியன், 1951 க்குப் பிறகு அதுவரைக்கும் இவ்வளவு குறைஞ்சதில்லை. அதுக்கு மேல மெக்சிக்கோவில புண்ணில புழு வைக்கிற ஈ பரவினதால 2024 நவம்பரில அமெரிக்கா அங்கத்தை மாடு வராம எல்லையை மூடி, 2025 பெப்ரவரியில திறந்து, மே மாசம் திரும்ப மூடினவை, வருசத்துக்கு ஒரு மில்லியன் மட்டில வந்துகொண்டிருந்த கண்டு நிண்டுபோச்சு. நீங்கள் வீடியோவில பாத்த விலை அந்த நேரத்து விலை.

இனி இங்க வருவம். இலங்கையில பால் மறந்த இறைச்சிக் கண்டு எண்டு ஒரு சரக்கே சந்தையில இல்லை. கண்டு இருக்கு, ஆனா அது பாலுக்காக வளக்கிற மாட்டில இருந்து மிஞ்சிறது. நுவரெலியா ஹட்டன் பக்கம் லயத்துக்குப் பின்னால கொட்டில் கட்டி ஃப்ரீசியன், ஜேர்சிக் கலப்பு வளக்கிற ஆக்களுக்கு நாகு பிறந்தாச் சந்தோசம், நாம்பன் பிறந்தா முகம் சுருங்கும், ஏனெண்டா அது குடிக்கிற ஒவ்வொரு லீற்றரும் விக்கவேண்டிய பால். கண்டு ஒரு கிலோ எடை போட ஏறக்குறையப் பத்து லீற்றர் பால் வேணும். லீற்றர் 200 ரூபா எண்டு வச்சா அந்தக் கிலோவுக்குப் பால் மட்டும் 2,000 ரூபா, உயிர் மாட்டைக் கிலோ அந்த விலைக்கு எந்த யாவாரி எடுப்பான்? அதால சின்னனிலயே கைமாறிப் போயிடும்.

மட்டக்களப்புப் பட்டிகளில கதை கொஞ்சம் வேற. ராவில கண்டை அடைச்சு வச்சு, விடியக் கறந்துபோட்டு, பிறகு தாயோட விடுறது, மிச்சப் பால் கண்டுக்கு. கறந்தது தயிருக்குப் போகும். பால் மறக்கிறதுக்கெண்டு ஒரு நாள் குறிக்கிறேல்ல, தாய்க்குப் பால் வத்தினாலோ அடுத்த கண்டு வயித்தில முத்தினாலோ தன்பாட்டில மறக்கும். கண்டு மெலிஞ்சுதான் இருக்கும், அதுக்கு மாட்டைக் குறை சொல்லிப் பிரியோசனம் இல்லை. பிரேசில் உலகத்திலயே கூட மாட்டிறைச்சி ஏத்துமதி செய்யிற நாடு, அங்க மேயிற நெலோர் மாடு ஆந்திராவின்ர ஓங்கோல் வம்சம், திமில் வச்ச மாடுதான், எங்கட நாட்டு மாடும் திமில் மாடுதான். அவன் பாலைக் கண்டுக்கு விடுறான், நாங்கள் பங்கு போடுறம்.

அதோட மேய்ச்சல் தரை. மட்டக்களப்பு மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவனையில வெளி ஆக்கள் காணி பிடிச்ச பிரச்சினைக்காக 2023 செப்டெம்பரில இருந்து சித்தாண்டியில பண்ணையாளர் போராடினது எல்லாருக்கும் தெரியும், நிலமே நிச்சயமில்லாத இடத்தில ரெண்டு வருசம் கண்டை வச்சு வளக்கச் சொன்னா ஆர் வளப்பினம்? 2022 டிசம்பரில மாண்டஸ் புயலோட வந்த குளிரில வடக்குக் கிழக்கில மாடுகள் கூட்டங்கூட்டமாச் செத்ததும், உடன அங்கயிருந்து இறைச்சி கொண்டுபோறதைத் தடை செய்ததும் ஞாபகம் இருக்கும். 2020 இல லம்பி எண்ட, தோலில கட்டி கட்டியா வாற நோய் முதல் வந்ததும் வடக்குக்குத்தான்.

சட்டமும் ஒரு பக்கம். மாட்டுக்குக் குறி சுடுறது, கொண்டுபோறது, வெட்டுறது பற்றின 1958 இன் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம், அதுக்கு முதல் 1893 இல வெள்ளைக்காரன் போட்ட இறைச்சிக்கடைக் கட்டளைச் சட்டம், இதெல்லாம் பழசு. ஆனா 2020 செப்டெம்பரில அப்ப பிரதமரா இருந்த மகிந்த ராஜபக்ச மாடு வெட்டுறதையே தடை செய்யவேணும் எண்டு பிரேரிச்சு அமைச்சரவையும் ஓமெண்டு, திண்டு பழகினவைக்கு இறைச்சியை இறக்குமதி செய்து குடுக்கலாம் எண்டும் சொல்லி, 2021 ஒக்டோபரில சட்டங்களைத் திருத்தவும் அனுமதி குடுத்தவை. இண்டைக்கு வாங்கிற கண்டு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் காசாகும், அந்த நேரம் விக்கலாமோ இல்லையோ எண்டு தெரியாட்டி முதல் போடுறவன் பின்வாங்குவான். எங்கட ஆக்களின்ர மனக்கூச்சத்தையும் சொல்லத்தான் வேணும். சைவ ஆக்கள் கனபேர் பட்டி வச்சிருக்கினம், நாம்பனை யாவாரிக்குக் குடுக்கினம், அது எங்க போகுது எண்டு கேக்கிறேல்ல. கேக்காத சரக்குக்கு நல்ல விலை பேச ஏலாது, யாவாரி சொன்னதுதான் விலை.

யாவாரி கண்ணால பாத்துத்தான் மதிப்புப் போடுவான், தராசு இல்லை. இதுக்கு மட்டும் கையோட ஒரு வழி இருக்கு, தையல்காரன்ர அளவுநாடா காணும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி எத்தினை அங்குலம் எண்டு எடுத்து, அதை அதாலயே பெருக்கி, தோள் முன்னெலும்பில இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி, 300 ஆல பிரிச்சா இறாத்தலில எடை வரும். நெஞ்சு 50 அங்குலம், நீளம் 42 எண்டா 350 இறாத்தல், கிட்டத்தட்ட 159 கிலோ. சரியா தராசு மாதிரி வராது, ஆனா யாவாரி 120 கிலோ எண்டு சொல்லேக்க வாய் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

அப்ப இங்க 45 நாள் மாதிரி ஒண்டுக்குக் கூடக் காசு குடுக்கிற ஆள் ஒருத்தரும் இல்லையோ எண்டா, ஒருத்தர் இருக்கிறார், கொழும்பிலயே இருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு மாடு வாங்கிற முஸ்லிம் குடும்பம். அவையின்ர நிபந்தனை மார்க்கத்திலயே தெளிவா இருக்கு: மாட்டுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருக்கவேணும், நொண்டி இருக்கக்கூடாது, குருடு கூடாது, நோய் கூடாது, எலும்பும் தோலுமா இருக்கக்கூடாது, ஏழு பேர் ஒரு மாட்டில பங்கு போடலாம். தெமட்டகொடைப் பக்கமோ கொலன்னாவைப் பக்கமோ ஏழு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கேக்க வயசு சரியோ எண்டு பல்லைப் பிடிச்சுத்தான் பாக்கிறவை. பிறந்த திகதி எழுதின அட்டை, காது இலக்கம், மிருக வைத்திய அலுவலகத்தில போட்ட தொண்டை அடைப்பான், கால் வாய் நோய் ஊசியின்ர பதிவு, மாசாமாசம் எடுத்த நெஞ்சளவு, இதையெல்லாம் ஒரு நாம்பனோட சேர்த்து நீட்டினா அவை கூடக் குடுப்பினம் எண்டுதான் நான் நினைக்கிறன். கறிக்கு வாங்கிற கடைக்காரன் குடுக்கமாட்டான், அவனுக்கு அது தேவையும் இல்லை.

காலமும் இப்ப பொருந்தி வருது. ஹஜ்ஜுப் பெருநாள் வருசத்துக்குப் பதினொரு நாள் மட்டில முன்னுக்கு வரும், 2025 இல ஜூன் 7, 2027 இல மே நடுப்பகுதி, 2030 இல ஏப்ரல் நடுப்பகுதி. வன்னியில செப்டெம்பரில மாடு மெலிஞ்சு விலையும் இறங்கி நிக்கும், ஒக்டோபரில மாரி துவங்கினா புல்லு, பெப்ரவரி மார்ச்சில அறுவடை முடிஞ்ச வயல். அதால பால் மறந்த சின்னக் கண்டை வாங்கிப் பதினாறு மாசம் தீவனம் போடுறதை விட, பதினாறு மாசம் ஆன மெலிஞ்ச நாம்பனைச் செப்டெம்பரில எடுத்து, முதல் ரெண்டு கிழமை மற்ற மாடுகளோட கலக்காமத் தனிய வச்சு, பூச்சி மருந்தும் ஊசியும் குடுத்து, மாரிப் புல்லில விட்டா மே மாசம் ரெண்டு வயசு முடியும். நாளுக்கு 300 கிராம் போட்டாலே 240 நாளில 72 கிலோ. ஆனா வாங்கேக்க பிறந்த திகதிக்குப் பட்டிக்காரரிட்ட எழுத்தில ஒண்டு வாங்கிக்கொள்ளுங்கோ, இல்லாட்டி அந்த அட்டையில எழுத ஒண்டும் இராது. கொழும்புக்கு ஏத்திறதுக்கு மிருக வைத்தியரின்ர சுகாதாரச் சான்றிதழும் கொண்டுபோற அனுமதிப்பத்திரமும் வேணும், பெருநாள் கிட்டின நேரத்தில போய் நிண்டா அலுவல் நடக்காது, ரெண்டு மூண்டு கிழமை முதலே அதை முடிச்சுப்போடவேணும்.